மாடு பார்த்த கத்தி

அரசாங்கக் கதிரையை விட்டு எழும்பிவந்து கத்தி செய்ய உட்கார்ந்தவன் கொழும்பு முழுவதற்கும் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். இன்னொருவன் இருந்திருந்தால் என் மாமனார் அவனையும் தேடிப்பிடித்துத் திட்டியிருப்பார்.

துறைமுகத்துக் கந்தோர் ஒன்றில் நான் கிளாக்கராக இருந்தேன். மிகவும் கடினமான வேலை. காலையில் ஒரு கட்டுக் காகிதத்தை இடது பக்கத்திலிருந்து எடுத்து, முத்திரை குத்தி, வலது பக்கத்தில் வைக்கவேண்டும். பின்னேரம் பெரிய கிளாக்கர் வந்து அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு போவார். இதற்காகத்தான் பள்ளிக்கூடத்தில் எனக்கு அடித்து அடித்து லத்தீன் படிப்பித்தார்கள். சனி ஞாயிறுகளில் மட்டும், கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுப் பின்வளவிலிருந்த தகரக் கொட்டிலில் கத்தி செய்வேன்.

யுத்த காலம். சீமையிலிருந்து வந்த கப்பல்களில் பீரங்கிக்கே இடம் போதவில்லை. கத்திக்கு எங்கே இடம்? கடைகளில் மிஞ்சிக் கிடந்த பழைய சரக்கு தக்காளிப்பழத்தைக் கண்டாலே வளைந்தது. நானோ, பட்டாளத்தார் உடைத்துப்போட்ட லொறிகளின் வில்லுத் தகட்டை வாங்கி, சிரட்டைக் கரியில் சிவக்கக் காய்ச்சி, அடித்து, அராவி, தேங்காய் எண்ணெயில் தோய்த்து எடுத்தேன். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். "இதையே முழுநேரமாச் செய்யலாமே, ஐசே!" என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருவராவது பிறகு வந்து ஒரு கத்தி வாங்கினாரா என்று தயவுசெய்து கேட்காதீர்கள். நான் அவர்களை நம்பித்தான் வேலையை விட்டேன்.

மாமனார் வெள்ளவத்தையில் இருந்தார். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற பிறகும் உலகத்தில் எல்லாம் நேரத்துக்கு நடக்கிறதா என்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். தன் மகளை எனக்குக் கட்டிக்கொடுத்தார் என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கட்டிக்கொடுத்தது என் பென்ஷனுக்கு. நான் வேலையை விட்ட செய்தி காதில் விழுந்ததும் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"நீர் என்ன கொல்லனோ? எங்கட ஆக்கள் கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது?"

"கத்தி செய்யிறார் எண்டு சொல்லுங்கோ, மாமா."

"கத்தி செய்யிறவனுக்கு ஆர் பொம்பிளை குடுக்கிறது?"

"குடுத்திட்டியள், மாமா."

அதற்குப் பிறகு அவர் என்னோடு நேராகக் கதைப்பதை நிறுத்திக்கொண்டார். ஆனால் சும்மா இருக்கவில்லை. கந்தோருக்குப் போய்ப் பெரிய கிளாக்கரிடம் என்ன கெஞ்சினாரோ தெரியாது, என் ராஜினாமாவை டிசம்பர் நத்தார்ப் பண்டிகை வரைக்குமான சம்பளமில்லாத லீவாக மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். நத்தார் வரைக்கும் கதிரை காலியாக இருக்கும். அதற்குள் நிரந்தரமான வாடிக்கை ஒன்று பிடித்தால் நான் கத்திக்காரன். பிடிக்காவிட்டால் வாயை மூடிக்கொண்டு முத்திரை குத்தப் போகவேண்டும். மனைவியை நடுவில் நிறுத்தி, அவள் வாயால் கேட்பித்து என்னிடம் சத்தியம் வாங்கினார்.

மனைவி என்ன நினைத்தாள் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. கேட்டேன். "எனக்கென்ன? நீங்கள் கதிரையில இருந்தாலும் கொட்டிலுக்க இருந்தாலும் சோத்தை நான்தானே வடிக்கவேணும்" என்றாள். இதை ஆதரவு என்று எடுப்பதா எதிர்ப்பு என்று எடுப்பதா என்று பல நாள் மண்டையைப் போட்டு உடைத்தேன். அவளும் அப்பாவின் பக்கம்தான் என்ற பயம் எனக்கு உள்ளூர இருந்தது. உண்மையைச் சொன்னால், மாமனார் திட்டியது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அவளுக்கும் நான் ஒரு வெட்கக்கேடாகிவிட்டேனோ என்பதுதான் கவலை.

வாடிக்கையாளர்கள் வந்தார்கள். வராமல் என்ன! கறுவாக்காட்டுப் பங்களா ஒன்றிலிருந்து, கோட்டில் வழக்குப் பேசும் புரொக்டர் ஐயா ஒருவர் வந்து, மேசையில் வைக்க அழகான கத்தி வேண்டும், ஆனால் வெட்டக்கூடாது என்றார். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களாம். எருமைக் கொம்புப் பிடி போட்டு, வெட்டாத கத்தி ஒன்று செய்து கொடுத்தேன். கப்பற்படைத் துரை ஒருவர், பிடியில் பேய்முகம் செதுக்கிய "உள்ளூர்க் கத்தி" கேட்டார். எங்கள் ஊரில் பேய்முகம் வைத்துக் கத்தரிக்காய் வெட்டுவதில்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், அவர் நம்பவில்லை. மட்டக்குளியிலிருந்து மீன்காரர் ஒருவர் வந்து என் ஆகச் சிறந்த கத்தியை வாங்கிப் போனார். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் அதன் முதுகால் தேங்காய் உடைத்துக்கொண்டிருக்கிறார். "நல்ல பாரம், ஐசே" என்று எனக்குச் சான்றிதழும் தந்தார். மீதிப் பேர் சும்மா பார்க்க வந்தவர்கள். பார்த்துவிட்டு, தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போனார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கொடுமை, என் கத்தி மழுங்காததுதான். வாங்கியவன் திரும்பி வரவே மாட்டான். தெருவில் சாணை பிடிக்கிறவர் என் வாசற் படலையைக் கடக்கும்போதெல்லாம் காறித் துப்பிவிட்டுப் போவார். நல்ல கத்தி செய்கிறவன் பட்டினி கிடக்கவேண்டும், கெட்ட கத்தியைத் தீட்டுகிறவன் பிழைத்துக்கொள்வான் என்பது இந்தத் தொழிலில் நான் கற்ற முதல் பாடம். கத்தியை மழுக்குவதையே தொழிலாகக் கொண்ட ஒரு மனிதர்தான் என்னைக் காப்பாற்றவேண்டும் என்று முடிவுசெய்தேன்.

அப்படி ஒருவர் கிடைத்தார். மாளிகாவத்தையில் மாட்டிறைச்சிக் கடை வைத்திருந்த ஹாஜியார். மாதிரிக்கு ஒரு கத்தி செய்து கொண்டுபோனேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, கத்தியின் வாய் நீளத்துக்கும் கட்டைவிரல் நகத்தை மெல்ல ஓட்டிப் பார்த்தார். ஒரு பொட்டுத் தட்டவில்லை.

"நல்லா ஈக்கிது, தம்பி. வாயில ஒரு சின்னத் தெறிப்பு ஈந்தாலும் அறுக்கிற உசிருக்கு நோவு. அது தெரியாமப் போகணும், அதான் முறை" என்றார். "ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மாடறுக்க எங்க தெருவுக்கு வேணுங்கிற கத்தியெல்லாம் நீங்களே செஞ்சு தாங்க. சரியா வந்தா கடைக்கும் நீங்கதான்."

அந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாள் நத்தாருக்குச் சற்று முன்னால் வந்தது. ஆண்டவர் இரண்டு சமயத்துக்கும் பொதுவானவர் என்று அன்றைக்கு எனக்கு உறுதியாயிற்று. ராப்பகலாக அடித்தேன். ஒவ்வொரு கத்தியையும் என் இடது கை மயிரில் வழித்துப் பரீட்சித்தேன். கடைசியில் அந்தக் கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வழுக்கையாகிவிட்டது. மாதா கோயிலில் பூசைக்குப் போனால் சனம் என் கையைப் பார்த்துவிட்டு ஏதோ சரும வியாதி என்று தள்ளி உட்கார்ந்தது.

பெருநாளுக்கு முதல் நாள் கத்திகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு மாளிகாவத்தைக்குப் போனேன். ஹாஜியாரின் பின்வளவில், ஈரப்பலா மரத்தடியில் மாடுகள் கட்டியிருந்தன. முன்னால் வைக்கோல், ஒரு பெரிய வாளியில் தண்ணீர். தெருவிலுள்ள ஆண்கள் எல்லோரும் மாடு பார்க்க வந்திருந்தார்கள். இவ்வளவு பேரை ஒன்றாகக் கண்டதும் எனக்குள்ளிருந்த வியாபாரி துள்ளி எழும்பிவிட்டான். என் மூளை அந்த நேரம் எங்கே புல் மேயப் போயிருந்ததோ தெரியாது.

மரத்தடியிலேயே குந்தி, சாக்கை விரித்து, ஆக நீளமான கத்தியை எடுத்தேன். இடுப்பிலிருந்த சாணைக்கல்லை எடுத்துத் தண்ணீர் தெளித்து நாலு இழுப்பு இழுத்தேன். வேண்டிய அவசியமே இல்லை. அது ஏற்கனவே தீட்டின கத்தி. அந்தச் சத்தம் கேட்க நன்றாக இருக்கும் என்பதற்காக இழுத்தேன். பிறகு வழுக்கைக் கையில் தப்பியிருந்த நாலைந்து மயிரையும் வழித்துக் காட்டினேன். வளவு அப்படியே அமைதியானது. ஆகா, அசந்துபோய்விட்டார்கள் என்று நினைத்து, கத்தியை இன்னும் உயர்த்தி வெயிலில் திருப்பிப் பளபளக்க வைத்தேன்.

அந்த வளவில் மெல்லுவதை நிறுத்தியிருந்தது ஒரு ஜீவன். எனக்கு ஒரு முழத் தூரத்தில் நின்ற செவலை மாடு. வைக்கோல் வாயில் தொங்கியபடி கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அல்லாஹ்வே! என்ன வேலை செஞ்சீங்க!" ஹாஜியார் ஓடிவந்து தன் தோளிலிருந்த சால்வையைக் கத்தியின் மேல் போட்டு மூடினார். "மாடு பாத்துக்கிட்டு ஈக்கிது! அறுக்கிற கத்திய அதுக்குக் காட்டலாமா? அதுக்கு முன்னால தீட்டலாமா? அதுக்கும் கண் ஈக்கிதுதானே, தம்பி? நாளைக்கு ஒருதரம் மௌத்தாகப் போறத இண்டைக்கே ஒருதரம் மௌத்தாக்கிட்டீங்களே!"

நான் மற்றக் கத்திகளைச் சாக்கோடு வாரிச் சுற்றினேன். கூட்டத்தில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். ஒருவர் மாட்டின் நெற்றியைத் தடவி, அதை மரத்துக்கு மற்றப் பக்கம் திருப்பிக் கட்டினார். "கத்திய உள்ளுக்கு வெச்சிட்டுப் போங்க" என்றார் ஹாஜியார். நான் தலையைக் குனிந்துகொண்டு கொட்டாஞ்சேனை வரை நடந்தே வந்தேன். அந்தச் செவலையின் கண் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பாவம்" என்றாள். என்னையா, மாட்டையா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

பெருநாள் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், மாமனார் முகமெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்திருக்கிறார். அந்தச் சிரிப்பை நான் கலியாணத்தன்றுகூடக் காணவில்லை. மாட்டுக் கதை வெள்ளவத்தை வரைக்கும் எட்டிவிட்டிருந்தது. மடியில் ஒரு பொட்டலம். பிரித்தார். கந்தோருக்குப் போட புத்தம்புது வெள்ளை டிரில் கோட்டு! துணிக்குக் கூப்பன் இருந்த காலம். தன் கூப்பனில் வாங்கி, வெள்ளவத்தையிலேயே பெரிய தையற்காரரிடம் கொடுத்துத் தைப்பித்திருந்தார். அவருடைய வேட்டியில் இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். மனுஷன் மேல் முழுதாகக் கோபப்படவும் விடமாட்டார்.

"போட்டுப் பாரும்" என்றார். வெகு நாளைக்குப் பிறகு என்னோடு நேராகக் கதைத்தார்.

போட்டேன். அளந்து செய்த உறை மாதிரிப் பொருந்தியது. வழுக்கைக் கையும் மறைந்தது. மாமனார் என்னைச் சுற்றிவந்து பார்த்து, தோளில் இல்லாத தூசியைத் தட்டினார். மனைவி அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த நேரம்தான் படலையில் மாட்டுவண்டி ஒன்று நின்ற சத்தம் கேட்டது.

ஹாஜியார். நாங்கள் பின்னால் போக, அவர் நேராகக் கொட்டிலுக்குள் போய், பட்டறையில் விற்காமல் கிடந்த கத்திகளை எடுத்து ஒவ்வொன்றாக நகத்தை ஓட்டினார். பிறகுதான் கோட்டோடு நின்ற என்னைப் பார்த்தார். யாரோ துரைமாரின் ஆள் என்று நினைத்தாரோ என்னவோ, அடையாளம் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

"உங்கட கத்தியில ஒரு பிழையுமில்ல, தம்பி. பெருநாளைக்கு ஒரு உசிரும் துடிக்கல்ல. பிழையெல்லாம் உங்கள்லதான்" என்றார். "இனி எங்க கடைக்கு நீங்கதான் செய்யணும். கொலன்னாவையில மச்சான்ட கடைக்கும் நீங்கதான். ஆனா வளவுக்குள்ள நீங்க கால் வைக்கக் கூடாது. கத்தியச் சுத்தி வாசல்ல வெச்சிட்டுப் போயிடணும். விளங்கிச்சா?"

விளங்கியது. என் கத்தியை ஏற்றுக்கொண்டு என்னைத் தள்ளிவைத்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான். மற்றவர்கள் எல்லோரும் அதற்கு நேர்மாறு.

"இப்ப இதுகளக் கொண்டுபோறன். தடிச்ச துணி ஒண்டு தாங்க, சுத்திக்கொள்ள. வெளியில வண்டி மாடு நிக்கிது" என்றார்.

துணி! அந்தக் காலத்தில் யார் வீட்டில் தடித்த துணி இருந்தது? மனைவி உள்ளே போய்த் தேடினாள். நான் இடுப்பில் கட்டும் பழைய சாரம் ஒன்று, அதற்குள்ளால் வெளிச்சம் தெரிந்தது. ஒரு தலையணை உறை, அதுவும் கிழிசல். சாக்கெல்லாம் ஏற்கனவே மாளிகாவத்தையில். வெறுங்கையோடு திரும்பி வந்து நின்றாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, அதைக் கழட்டித் தாங்கோ."

எனக்கு விளங்கவில்லை. அவளே வந்து என் தோளிலிருந்து கோட்டைக் கழட்டினாள்.

"பிள்ளை! அது கூப்பன் துணியடி!" மாமனார் கொட்டில் வாசலில் நின்று கூவினார்.

"ஓம் அப்பா. நல்ல தடிப்பு" என்றாள்.

கோட்டைப் பட்டறையில் விரித்து, கத்திகளை அடுக்கி, இரண்டு கையையும் உள்ளே மடித்து, பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழுத்து வரை பூட்டினாள். பிறகு அந்தப் பொதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வண்டி மாடு பார்க்காத பக்கமாகச் சுற்றிப் போய், தானே வண்டியில் வைத்தாள்.