அடிச்சாங்க என்றால் எத்தனை பேர்?

நீதிமன்றத்தில் அவளுக்கு இரவல்வாய் என்று பெயர். வாசல் காவலர் வைத்தது. மொழிபெயர்ப்பாளர் வேலை அப்படித்தான். திருடியவனுக்காகவும் "நான்" என்பாள், பறிகொடுத்தவளுக்காகவும் "நான்" என்பாள். வீடு திரும்பும்போது தனக்கென்று பேச ஒரு சொல் மிஞ்சியிருக்காது. ஒரு காலத்தில் பள்ளியில் தமிழ் இலக்கணம் நடத்தியவள். கணவரின் வேலையோடு வேற்றுமொழி பேசும் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தபின், எழுவாயும் பயனிலையும் யாருக்கு வேண்டியிருந்தது?

அன்று காலையிலிருந்தே தொண்டை கம்மியிருந்தது. இரண்டு வழக்கு முடிவதற்குள் கால் கடுத்துவிட்டது. மூன்றாவதாகக் கூண்டில் ஏறியவள் ஒரு தையல்காரி. மாவுக்கட்டு பிரித்தும் நேராகாத இடது கை. எதிரே, பக்கத்து வீட்டு இளைஞர்கள் இருவர், நான்கு மாதமாகச் சிறையில் இருந்த முகத்தோடு. ஆஸ்பத்திரியில் யாரோ தொலைபேசி வழியாக மொழிபெயர்த்து எழுதிய வாக்குமூலம் சொன்னது இதுதான்: அவர்கள் வந்தார்கள், அவளை அடித்தார்கள்.

"என்ன நடந்துச்சுன்னு சொல்லும்மா," என்றாள் இரவல்வாய்.

"சாயங்காலம் வந்தாங்க. சோறு ஆறிப்போச்சுன்னு சத்தம் போட்டாங்க. கட்டையை எடுத்து அடிச்சாங்க."

நாக்கு பழக்கத்தில் "அவர்கள்" என்று தொடங்கப் போனது. சோறு என்ற சொல்லில் தடுக்கி நின்றது. பக்கத்து வீட்டுப் பையன்களுக்கு இவள் வீட்டுச் சோறு ஆறினால் என்ன, அவிந்தால் என்ன? கூண்டில் ஏறும்போது இதே பெண் நீதிபதியைக் காட்டி, "ஐயா என்ன கேட்டாங்க?" என்றதும் நினைவுக்கு வந்தது. ஐயா ஒருவர்தான்.

மன்றத்தின் மொழியில் வினைக்கு முன்னால் ஆள் நின்றாக வேண்டும். தமிழில் எழுவாய் வெளியே வராமல் வினைமுற்றுக்குள்ளேயே பதுங்கிக்கொள்ளலாம். அதிலும் பலர்பால் விகுதி, மரியாதைக்காக ஒருவருக்கும் வரும். இதை நீதிபதியிடம் இரண்டு வாக்கியத்தில் சொல்லி, ஒரு கேள்வி கேட்க அனுமதி வேண்டினாள். அரசு வக்கீல் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். நீதிபதி தலையசைத்தார்.

"அடிச்சாங்கன்னியே, ஒருத்தரா, பல பேரா?"

"ஒருத்தர்தாங்க்கா. எங்க வீட்டுக்காரரோட அண்ணன். வீட்டுக்காரர் வெளியூர்ல வேலை, இவங்கதான் எங்களுக்குப் பெரியவங்க. அடிச்சாங்கன்னு மூத்தவங்களை அவன் இவன்னு சொல்ல முடியுமா?"

"அப்ப இந்தத் தம்பிங்க?"

"சத்தம் கேட்டு ஓடியாந்து என்னைத் தூக்கினதே இவங்கதானே! நாலு மாசமா என்னை வாசப்படி தாண்ட விடல, இவங்க சாட்சி சொல்ல வந்திருக்காங்கன்னுல்ல நெனச்சேன்."

அவள் மொழிபெயர்த்து முடித்தாள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர் மெல்ல எழுந்தார். தையல்காரியைக் காலையில் வண்டியில் அழைத்து வந்த அதே அண்ணன். அவர் கதவை எட்டுவதற்குள் காவலர் குறுக்கே கையை நீட்டிவிட்டார்.

இரவல்வாய்க்கு மகிழ்ச்சி வரவில்லை. நான்கு மாதம் ஒரு விகுதியில் கரைந்துவிட்டதே என்ற அயர்ச்சிதான் வந்தது. பையன்களில் இளையவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதான். மாலைக்குள் வெளியே விட்டுவிடுவார்கள் என்றார் வக்கீல், அதுவே பெரிய உபகாரம் போல.

நடையில் தையல்காரி இரவல்வாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நான் தப்பா எதுவும் சொல்லிட்டேனா? அவங்களைப் புடிச்சு வெச்சுக்கிட்டாங்களே. இனி எந்த முகத்தோட அந்த வீட்டுக்குப் போவேன்?"

மன்றத்துக்கு வெளியே சாட்சிகளோடு பேசக்கூடாது என்பது விதி. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"அந்த வீட்டுக்குப் போகாதே. கூடப்பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?"

"தங்கச்சி இருக்கா. ரெண்டு பஸ் மாறணும்."

"நம்பரைச் சொல்லு."

தங்கை வர மதியம் சாய்ந்துவிட்டது. அதுவரை இருவரும் நடைப் பெஞ்சில், ஒரு டம்ளர் தேநீரைப் பாதிப் பாதியாக ஆற்றிக் குடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கணவர் போனில் கூப்பிட்டு, "எப்ப வருவே?" என்றார்.

"இன்னும் ஒரு வழக்கு இருக்குங்க," என்றாள். குரல் பாதிதான் வந்தது.