மடிப்புக்குள் இருந்த கிழிசல்

அம்மாவோடு, துணிக்கடைகளுக்குப் பேர்போன தங்காக்குக்குச் சேலை எடுக்கப் போவதென்றால் எனக்கு உயிர் போய்விடும். ஒவ்வொரு சேலையையும் முழுசாக விரித்து, விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு தலைப்பிலிருந்து மறுதலைப்பு வரை சாண் சாணாக ஓட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்ததைக் கேட்பார். மேசையில் மலைபோல் குவிந்து கிடக்கும். கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அவர் யாரோ, நான் யாரோ என்பது மாதிரி நான் வாசலில் போய் நின்றுகொள்வேன்.

அம்மா தவறிய வருடம் எங்களுக்குத் தீபாவளி இல்லை. போன வருடம்தான் முதல் படையல். பண்டிகைக்கு முதல் நாள் அம்மா படத்தின் முன் அவருக்குப் பிடித்த சாப்பாட்டோடு ஒரு புதுச் சேலை வைக்க வேண்டும். மறுநாள் காலை அதை அக்கா கட்டிக்கொள்வாள். அக்காவுக்குச் சிங்கப்பூரில் வேலை, படையலன்றுதான் லீவு. ஆகவே சேலை என் பொறுப்பு.

"மெரூன் கலரா பாருடி," என்றாள் போனில். "ஆனா விரிச்சுடாத. படையலுக்கு வெக்கிறது, மடிப்புக் கலையக் கூடாது."

எனக்கும் வசதியாகப் போயிற்று. தங்காக் கடையொன்றில் மலிவு விற்பனைக் கூட்டத்தில் புகுந்து, பத்தே நிமிடத்தில் ஒரு மெரூன் சேலையைக் மடிப்புக் கலையாமல் வாங்கிக்கொண்டு செடெனாக்கில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பினேன். அம்மா இருந்திருந்தால் அரை நாள் ஆகியிருக்கும் என்று பெருமை வேறு.

படையலுக்கு முதல் நாள் காலையில் மனம் ஒரு நிலையில் இல்லை. தேநீர்க் குவளையோடு இரண்டு தடவை அலமாரிவரை போய்த் திரும்பினேன். மூன்றாவது தடவை சேலையை எடுத்து மடிப்பை ஒரு விரலால் தூக்கினேன். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். அடுத்த மடிப்பிலும் அதே இடத்தில் இன்னொன்று. அதற்கடுத்ததிலும். கடையில் சேலை மூட்டையைப் பிரித்தபோது கத்தி ஆழமாக இறங்கியிருக்கிறது.

முதலில் கடைமேல் கோபம் வந்தது. பிறகு அக்காமேல். கடைசியில் என்மேல் வந்து நின்றது, அது போகவே இல்லை. அம்மாவுக்கு வைக்கிற முதல் சேலை, அதைப் போய்க் கிழிசலோடு வாங்கி வந்திருக்கிறேன்.

வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு ரசீதைத் தேடினேன். கைப்பையைக் கொட்டினேன். காரைக் குடைந்தேன். இருக்கைக்கு அடியில் கசங்கிக் கிடந்தது. ரசீதின் கீழே 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்திருந்தது. அதைப் பார்த்ததும் பாதி தெம்பு போய்விட்டது.

தங்காக்குக்குப் போகும் நெடுஞ்சாலையில் பண்டிகைக்கு ஊருக்குத் திரும்புகிற கூட்டம். கார் நகர்வதும் நிற்பதுமாக இருந்தது. வழியில் ஓர் ஓய்வுத்தளத்தில் நிறுத்தி, உட்கார முடியாமல் நடந்துகொண்டே கைப்பேசியில் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்தேன். குறையை முன்கூட்டியே சொல்லி விற்றிருந்தால் வேறு கதை. சொல்லாமல் விற்றால், மலிவு விலை என்பது சாக்கு ஆகாது. ரசீதில் என்ன எழுதியிருந்தாலும் சட்டம்தான் மேல். சமாதானம் ஆகவில்லையென்றால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கே கொடுக்கும் மனுப் படிவத்தைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டேன்.

கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது கல்லாவில் அம்மா வயதில் ஒரு பெண். கடை அவருடையதுதான்.

"சேல் ஐட்டம்லா, ரிட்டன் இல்ல. ரசீதிலேயே போட்டிருக்கோமே."

"வெல கொறச்சிக் குடுத்தீங்க, சரி. கிழிஞ்சிருக்குன்னு சொல்லிக் குடுத்தீங்களா?"

"நீங்க வாங்கறப்பவே விரிச்சுப் பாத்திருக்கணும்ல?"

என் முகம் சுட்டது. சட்டம் என் பக்கம்தான், ஆனால் அம்மாவும் இதையேதான் கேட்டிருப்பார்.

"படையலுக்கு வாங்கினதுங்க. எங்கம்மாவுக்கு," என்றேன். மனுவைத் திறந்து கைப்பேசியை நீட்டினேன். "மாத்திக் குடுங்க, இல்ல காசக் குடுங்க. ரெண்டும் முடியாதுன்னா தீர்ப்பாயத்துக்கு இந்த மனுவ அனுப்புறேன்."

அவர் மனுவைப் பார்த்தார். பிறகு கிழிசல்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். எழுந்துபோய் அதே நிறத்தில் வேறொரு சேலையை எடுத்துவந்து பையில் போடப் போனார்.

"இருங்க. விரிங்க."

"மடிப்புப் போயிடும்மா."

"போகட்டும்."

மேசை நீளத்துக்கு விரித்தேன். விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். ஒரு தலைப்பிலிருந்து மறுதலைப்பு வரை சாண் சாணாக ஓட்டினேன். பின்னால் நின்ற யாரோ சலித்துக்கொண்டார்கள். வாசல் பக்கம் பார்த்தேன். அங்கே வெட்கப்பட்டுக்கொண்டு நிற்க யாரும் இல்லை. அம்மாமேல் அப்படி ஓர் ஏக்கம் வந்தது.

மறுநாள் அக்கா வந்து கால் கழுவியதும் சேலையைக் கையில் எடுத்தாள்.

"என்னடி இது, மடிப்புக் கலஞ்சிருக்கு?"

நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் அம்மா படத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு நான் பாடுபட்டு மடித்து வைத்திருந்த சேலையை உதறி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தாள்.