காது பார்த்த பம்ப்

பட்டறையில் அவருக்குப் பெயர் காது. பெற்றோர் வைத்த பெயர் கல்யாணப் பத்திரிகையில் அச்சானது. அதன் பிறகு அதற்கு வேலை வரவில்லை.

பழைய கார் கிளம்பாமல் நின்றால் மற்ற பட்டறைகளில் கழற்றிப் பார்ப்பார்கள். இங்கே காது வைத்துப் பார்ப்பார்கள். சாவியைத் திருப்பினால் பின்சீட்டுக்கு அடியில், பெட்ரோல் டேங்க்குக்குள் இருக்கும் பம்ப் இரண்டு விநாடி முனகும். முனகினால் உயிர் இருக்கிறது. அவர் சீட்டில் கன்னத்தை வைத்து, கண்ணை மூடித் தீர்ப்புச் சொல்வார். அந்த நேரத்தில் வெல்டிங்காரர் இருமலை அடக்கி மூச்சுத் திணறியதுண்டு. பெட்ரோலின் அழுத்தத்தை அளக்கும் மீட்டர் ஒன்று அலமாரியில் இருந்தது. வாங்கிய நாளின் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. அதைத் தொடுவது அவரை அவமதிப்பது என்பது முதலாளியின் எண்ணம். தூசி தட்ட மட்டும் அனுமதி.

நான்கு மாதமாக அவருக்கு இடது காது கேட்கவில்லை. வலது காதும் அரைகுறை. இது மனைவிக்கு மட்டும் தெரியும். அவள் தையல் மிஷினை நிறுத்திவிட்டுத்தான் அவரிடம் பேசுவாள்.

"டாக்டர்கிட்ட போலாம்."

"போனா ஊருக்கே தெரிஞ்சிடும்."

"தெரியட்டுமே. குடியா முழுகிடும்?"

"முழுகும். என் பேரே காதுடி."

கேட்காதவருக்கு எல்லாப் பம்ப்பும் செத்த பம்ப். நான்கு மாதத்தில் ஒன்பது பம்ப்புகள் செத்ததாக அறிவிக்கப்பட்டன. புதிது போட்டதும் சில கார்கள் கிளம்பின. கிளம்பாதவற்றுக்கு வேறு நோயும் இருப்பதாகச் சொல்லப்பட்டது. எலக்ட்ரீஷியனுக்குப் பட்டறையில் பெயர் வயர். அவர் குப்பையில் கிடந்த பழைய பம்ப் ஒன்றை எடுத்து பேட்டரியில் கொடுத்தார். ஜோராகச் சுற்றியது. இன்னொன்றும் சுற்றியது. இரண்டையும் முதலாளியின் மேஜைமேல் வைத்தார்.

முதலாளி அவற்றைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"அண்ணே, இன்னிக்கு வர்ற முதல் வண்டி. அதுல தப்பாச்சுன்னா நாளையிலேருந்து டயருக்குக் காத்தடிக்கப் போயிடுங்க."

மூன்றாவது முறை சொன்னபோதுதான் அவருக்கு விளங்கியது. அதிர்ச்சியில் நிற்கிறார் என்று முதலாளி நினைத்துக்கொண்டார்.

முதல் வண்டி கணக்கு டீச்சருடையது. இருபத்திரண்டு வயதுக் கார். கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. காது சீட்டில் சாய்ந்தார். வயர் சாவியைத் திருப்பினார். பம்ப் முனகியது. வாசலில் நின்ற டீச்சருக்கே கேட்டது.

காது எழுந்து சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தார். முகங்களில் ஏதோ இருந்தது. நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. மூலையில் காற்றடிக்கும் மிஷின் நின்றது.

"பம்ப் போச்சு."

வயர் தரையைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னங்க இது? வாசல் வரைக்கும் சத்தம் கேக்குது," என்றார் டீச்சர். "உங்களுக்குக் கேக்கலியா?"

அவர் டீச்சரின் உதடுகளைப் பார்த்தார். "செத்துப்போச்சும்மா."

"சத்தம் போடுறது எப்படிச் செத்ததாகும்? அளந்து பாக்க இங்க ஒண்ணும் இல்லையா?"

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் போல வயர் அலமாரிக்கு ஓடினார். உறையைப் பல்லால் கிழித்தார். என்ஜினுக்குப் பெட்ரோல் போகும் குழாயில் மீட்டரை மாட்டினார். சாவி திரும்பியது. பம்ப் முனகியது. முள் பூஜ்யத்தில் உட்கார்ந்திருந்தது. வயர் மீட்டரைச் சுண்டினார். ஃபில்டரை மாற்றினார். முள் அசையவில்லை. கடைசியில் பம்ப்பை வெளியே எடுத்துப் பிளந்தார்கள். மோட்டார் ஓடியது. பெட்ரோலைத் தள்ள வேண்டிய சின்னச் சக்கரம் மூன்று துண்டாகக் கிடந்தது.

"எங்க மாமனார் மாதிரி," என்றார் வெல்டிங்காரர். "சத்தத்துக்குக் குறைச்சல் இல்ல. காரியம் ஒண்ணும் ஆகாது."

முதலாளி காதின் தோளில் கை போட்டார். "சத்தம் எல்லாருக்கும் கேக்கும்யா. சத்தத்துக்குள்ள இருக்கற பொய் இவர் ஒருத்தருக்குத்தான் கேக்கும்."

"அப்ப மேஜைமேல இருக்கற ரெண்டும்?" என்றார் வயர்.

"அதுங்களும் இப்படிச் சும்மா சுத்தினதுங்கதான். குப்பையில போடு. இந்த மீட்டரையும் சேர்த்துப் போடு."

"எப்படிங்கய்யா கண்டுபிடிச்சீங்க?" என்று டீச்சர் கேட்டார். காது பதில் சொல்லாமல் புன்னகைத்தார். எவ்வளவு அடக்கம் என்று டீச்சர் வயரிடம் சொன்னார். வயர் ஆமாம் என்றார்.

சாயங்காலம் அவர் பையிலிருந்து மீட்டரை எடுத்துத் தையல் மிஷின்மேல் வைத்தார். மனைவி மிஷினை நிறுத்தினாள்.

"இது எதுக்கு?"

"குப்பையில கெடந்துச்சு. நாளையிலேருந்து ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி போய் எல்லா வண்டியையும் அளந்து வெச்சுடணும். அப்புறம் காது வெச்சுக்கலாம். அஞ்சு மணிக்கு எழுப்பு."

"கூப்பிட்டா கேக்குமா?"

"உலுக்கு."