கண்ணாடியில் ஒட்டிய பேர்

விக்டோரியாவின் வலது கை இடது கையைவிடத் தடிமனாக இருக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பட்டறையில் ஒன்பது வருஷமாகக் கை பிரஸ் இழுக்கிறாள். தகட்டை வைத்து, பிடியை இழுத்து, எடுத்துப் போட வேண்டும், ஒரு நாளைக்கு நாலாயிரம் தடவை. அவளுடைய கம்பெனி அட்டையில் பெயர் தப்பாக இருக்கிறது. முதல் வாரமே சூப்பர்வைசரிடம் சொன்னாள். "எழுத்தா பிரஸ் இழுக்கப் போவுது? போய் வேலையப் பாரும்மா" என்றார். அந்தத் தப்புப் பெயரை இத்தனை வருஷம் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தவளுக்கு, பிறக்கப்போகும் பிள்ளையின் பெயரையாவது தன் கையால் சரியாக எழுத வேண்டும் என்று ஆசை. பேராசை ஒன்றும் இல்லை, இங்கிலீஷில் ஆறே எழுத்து.

கிருபா. ஆணோ பெண்ணோ, எதற்கும் பொருந்தும் என்று அவளும் புருஷன் லோகுவும் சேர்ந்து முடிவுசெய்த பெயர். இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்பதில்தான் வீடு ரெண்டுபட்டது. அவள் கே, ஐ, ஆர், யூ, பி, ஏ என்றாள். லோகு, புதுவாயலுக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிற மகராசன், திருவள்ளூரில் ஒரு நியூமராலஜிக்காரரையும் போய்ப் பார்த்து வந்தான். ‘ஐ’யை எடுத்துவிட்டுக் கடைசியில் இன்னொரு ‘ஏ’ போட்டால்தான் தகப்பனுக்கு யோகமாம்.

"ஐ இல்லன்னா படிக்கவே நல்லா இல்லய்யா" என்றதற்கு நாலாம் மாதம் அறை விழுந்தது. ஆறாம் மாதம் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். கடைவாய்ப்பல் ஒன்று உடைந்து கையில் வந்தது. எட்டாம் மாதம், ஆஸ்பத்திரி நோட்டின் பின்னால் அவள் தன் எழுத்தில் பெயரை எழுதிப் பார்த்ததைக் கண்டு இடுப்பில் உதைத்தான். அவள் போட்ட கூச்சலுக்கு அக்கம்பக்கத்தில் டிவி சத்தம்தான் கூடியது. நல்ல ஜனங்கள்! மறுநாள் லோகு பெயரைத் தன் எழுத்தில் சிவப்பு ஸ்டிக்கராக வெட்டிவந்து ஆட்டோவின் முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டான்.

பெண் பிறந்தது. வந்து பார்த்தான், தூக்கவில்லை.

இருபதாம் நாள் காலை வாசலில் கரகரவென்று சத்தம் கேட்டது. விக்டோரியா வெளியே வந்தாள். லோகு பிளேடால் ஸ்டிக்கரைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"இன்னாய்யா பண்ற? அது பொண்ணுக்கும் வெக்கிற பேருதான?"

"கணக்குப் பாத்தது பையனுக்குடி. இதுக்கு நீ எந்த எழுத்துல வேணா எழுதிக்கோ, எனக்கு இன்னா?"

அவள் ஆட்டோவை நெருங்கினாள். "அப்ப நான் வாங்குன அடியெல்லாம்?"

"இன்னும் ரெண்டு வாங்கிக்கோ" என்று இடது கையை ஓங்கினான்.

ஓங்கிய கையை அவள் வலது கையால் பிடித்தாள். உதறிப் பார்த்தான், முடியவில்லை. மறுகையிலிருந்த பிளேடால் கீறினான். அவள் முன்கை நீளத்துக்குக் கிழிந்து ரத்தம் கொட்டியது. அவள் விடவில்லை. பிரஸ் பிடியை இழுக்கிற மாதிரியே அவன் கையைக் கீழே இழுத்து ஆட்டோவின் இரும்புக் கம்பியில் அறைந்தாள். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. இன்னொரு தடவையும் அறைந்தாள். அது பல்லுக்கு.

"ஐயோ, கொல்றாளே!" என்று லோகு அலறியதும் தெருவே ஓடிவந்தது. அவள் அலறியபோது ஒரு நாளும் வராத தெரு.

மறுநாள் பதினொரு தையலோடு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பிறப்புச் சான்று ஆபீசுக்குப் போனாள். படிவத்தில் ஆறு எழுத்தையும் தானே எழுதினாள். எழுதிய கையின் கட்டிலிருந்து கசிந்து, ஒரு சொட்டு பெயரின் மேல் விழுந்துவிட்டது.

"ரத்தமா இருக்குதேம்மா. வேற ஃபாரம் தரேன், எழுதிக் குடு" என்றார் எழுத்தர்.

"அந்தப் பேரு மேல ஏற்கெனவே நெறைய பட்டிருக்குது சார். அப்டியே எடுத்துக்கோங்க."

அவர் அவள் கையையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அதே தாளில் சீல் வைத்தார்.