கன்னம் தேய்த்த மரம்

துப்பாக்கி கைக்கு வந்ததும் ஆர்லோ கெபார்ட் கண்ணை மூடிக்கொள்கிறார். பிறகு மரக்கட்டையைத் தோளில் பொருத்தி, அதன்மேல் கன்னத்தைச் சாய்த்து அப்படியே நின்றுவிடுகிறார். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, தீயணைப்பு நிலையக் கூடத்தில் துப்பாக்கிச் சந்தை கூடும்போதெல்லாம் இதைப் பார்க்கலாம். சுற்றிலும் பேரம், காபி, சூடான பன்றிக்கறி சாண்ட்விச். நடுவே, தலையணையில் முகம் புதைத்த பிள்ளை மாதிரி எழுபது வயது மனிதர்.

“என் கன்னத்தோட ஒரு நாளாவது இப்படி ஒட்டிக்கிட்டு நின்னிருக்கியா நீ?” என்பாள் மனைவி டோரீன்.

“உன்கிட்ட இந்த எண்ணெய் வாசனை வரலையே,” என்பார், கண்ணைத் திறக்காமலே.

கோடையில் ஊராட்சிச் சாலைகளின் ஓரப்புல்லை வெட்டுகிறார். குளிர்காலத்தில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறார். பென்சில்வேனியா மலைச்சாலைகளில் விடியும் முன்பே அவர் வண்டியின் மஞ்சள் விளக்கு சுழலும். பேச்சு குறைவு. வியட்நாம் போருக்காக, பிறந்த தேதிகளைக் குலுக்கிப் போட்டு ஆள் எடுத்த ஆண்டில் அவர் தேதிக்குச் சீட்டு விழவில்லை. பக்கத்து வீட்டு டேலுக்கு விழுந்தது. டேல் திரும்பவில்லை. இதை அவர் யாரிடமும் சொல்வதில்லை, டோரீன்தான் சொல்வாள்.

ராணுவம் கழித்துவிட்ட அசலைத்தான் வாங்குவார். அதே அச்சில் கடைக்காரர்களுக்காகச் செய்த நகலைத் தொடக்கூட மாட்டார். நண்பர் பெட்ராக், ஓய்வுபெற்ற பல் மருத்துவர், இதற்காகவே அவரைச் சீண்டுவார். “யோவ், நகல் பாதி விலை. குறியும் தப்பாது. உன் அசல் பாதி நாள் தோட்டாவைக் கவ்விக்கிட்டு நிக்குது.”

“அது நேத்துப் பொறந்ததுய்யா. அதுக்கு என்ன தெரியும்?”

போன இலையுதிர் காலத்தில் அவருக்கு ஒரு கார்பைன் கிடைத்தது. கொரியப் போரில் பையன்கள் தூக்கி அலைந்த குட்டை ரைஃபிள். கட்டையின் வலப்பக்கத்தில் கன்னம் படும் இடம் மட்டும் தேய்ந்து, ஆற்றுக்கல் போல வழவழத்திருந்தது. அப்படியென்றால் இடது கையால் சுட்டவன். ஆர்லோ வேறெதையும் சோதிக்கவில்லை. “பட்டாளத்துச் சரக்கு,” என்றார் விற்றவர். அது போதுமாக இருந்தது.

குளிர்காலம் தொடங்கியதிலிருந்து அந்த இடதுகைக்காரன் அவரோடு வண்டியில் வந்தான். கண்ணாடியை நோக்கிப் பனித்துகள்கள் பாய்ந்து வரும், சாலை கரைந்துபோகும், பெயர் தெரியாத ஒரு மலைச்சரிவில், காதுவரை குல்லாயை இழுத்துவிட்ட ஒரு பையன் மூச்சை அடக்கி உட்கார்ந்திருப்பான். சில நேரம் அவனுக்கு டேலின் முகம் இருக்கும். திருப்பத்தில் வண்டியை ஒடிக்கும்போது அவன் மறைவான். அடுத்த நேர்ச்சாலையில் மறுபடி அங்கே இருப்பான்.

ஜனவரியில் பெட்ராக் பல் பார்க்கும் தன் பழைய குட்டிக் கண்ணாடியை எடுத்துவந்து, குறிபார்க்கும் பின்தகட்டுக்கு அடியில் விட்டு, அங்கே பொறித்திருந்த முத்திரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“ஆர்லோ, உக்காரு.”

“சொல்லு.”

“இது அசல் இல்லய்யா. சண்டை முடிஞ்சு பத்து வருஷம் கழிச்சு ஏதோ பட்டறையில செஞ்சது. மரமும் அவங்களுதுதான். எந்தச் சிப்பாயும் இதைத் தொடல.”

ஆர்லோ இரண்டு நாள் சாப்பாட்டைத் தொடாமல் தட்டையே பார்த்துக்கொண்டு இருந்தார். விற்றவரிடம் போனபோது அவர் தலையைச் சொறிந்தார். சனிக்கிழமைக்குள் கொண்டுவந்தால் மாற்றாக ஒரு சுத்தமான அசல் தருவதாகச் சொன்னார். யாரிடம் வாங்கினார் என்றும் சொன்னார்: இரண்டு மலை தாண்டி, வெர்னா சைப்ஸ் என்ற விதவை.

வெள்ளிக்கிழமை ஆர்லோ அங்கே போனார், கார்பைனையும் எடுத்துக்கொண்டு. நாலு வார்த்தை சூடாகக் கேட்டுவிட்டு, அப்படியே விற்றவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவதாக நினைப்பு. கதவைத் திறந்த அம்மாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள்.

“அட, எங்க வீட்டுக்காரர் க்ளைடோடது. உள்ள வாங்க, குளிருது.”

“இது பட்டாளத்துது இல்லன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?”

“தெரியாம என்ன? அவர் சந்தையில வாங்கினப்போ கூட இருந்தேனே. பக்கத்து மேசையில அசலும் இருந்துச்சு. அதையே எடுத்துக்கோங்கன்னு நான்தான் சொன்னேன்.” அவள் அடுப்பில் காபிப் பாத்திரத்தை வைத்தாள். “அவருக்குச் சின்ன வயசுலயே வலது கண்ணு போயிடுச்சு. ஆள் எடுக்கிறவங்க வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. அண்ணன்மார் ரெண்டு பேரும் கொரியாவுக்குப் போனாங்க. ஒருத்தர்தான் வந்தார்.”

“அப்புறம் ஏன் அசலை வாங்கல?”

“‘அது அவங்களுது, வெர்னா. நான் தூக்கிக்கிட்டா பொய்யாயிடும்’னார். இதை வச்சுக்கிட்டுத் தினம் சாயங்காலம் தானியக் கொட்டகை வாசல்ல உக்காருவார். முப்பத்தேழு வருஷம். மான் வரும், போகும். ஒண்ணைக்கூடச் சுட்டதில்ல. கன்னத்தை வச்சுக்கிட்டுப் பார்த்துக்கிட்டே இருப்பார். அந்தப் பக்கம் என்னதான் தெரியுதுன்னு ஒருதரம் கேட்டேன். சிரிச்சார்.”

ஆர்லோ ஜன்னல் வழியே கொட்டகையின் பக்கம் பார்த்தார். வாசலுக்கு எதிரே பழுப்பு வயல் இறங்கிப் போய், மூடுபனிக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அங்கே யாரும் இல்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். காபி ஆறிவிட்டது.

“திருப்பிக் கொடுக்கத்தான் எடுத்துக்கிட்டு வந்தீங்களா?” என்றாள் வெர்னா.

“அப்படித்தான் கிளம்பினேன்மா.”

அவர் வெளியே வந்தபோது மழையும் பனியும் கலந்து கொட்டத் தொடங்கியிருந்தது. வண்டி வேலிக்கு அப்பால் நின்றது. படியில் ஒரு கணம் தயங்கினார். தன் கனத்த ஜாக்கெட்டைக் கழற்றி, கார்பைனைக் கட்டையிலிருந்து குழல் முனைவரை அதில் சுற்றினார். ஜாக்கெட்டின் கைகளைக் குறுக்கே மடித்து, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார். பிறகு அதை மார்போடு அணைத்துக்கொண்டு, வெறும் சட்டையோடு, அவசரப்படாமல் நடந்தார்.