துண்டுக்கடியில் கஞ்சிப் பேரம்

பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களிடம் எல்லோரும் ஏன் கத்துகிறார்கள் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. என் மாமனாருக்கு வலது கையும் காலும் விழுந்து வாயும் அடைத்துப்போனது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் நடுவில். காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மலையாளத்து எல்லையோரம் நல்லேப்பிள்ளியில் எங்கள் வீட்டுக்கு அவரைப் பார்க்க வந்த அத்தனை பேரும் கட்டிலோரம் நின்று, கிணற்றுக்குள் இறங்கியவரைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டார்கள். அவருடைய தங்கை எல்லோரையும் மிஞ்சினார். அவரை நான் சின்னம்மா என்பேன்.

“ஏனுங்ணா! நாந்தானுங்ணா! என்னையத் தெரியுதுங்களா?”

மாமனார் கண்ணை இறுக மூடிக்கொள்வார். “பாவம், ஆளே தெரியல” என்று சின்னம்மா மூக்கைச் சிந்துவார். தெரிந்ததால்தான் மூடினார் என்பது என் கட்சி.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது மலையாளத்து நர்ஸ் என்னைத்தான் பிடித்து நிறுத்திச் சொன்னாள். “ரண்டு மணிக்கூர் கூடும்போள் திரிச்சு கிடத்தணம் கேட்டோ. இல்லெங்கில் முதுகு பொட்டும்.” இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். கஞ்சி உள்ளே போகாவிட்டால் வந்த புண் ஆறாது. வைத்தியம் அவ்வளவுதான். மாமியார் இல்லாத வீடு. என் வீட்டுக்காரர் காலையில் அவரைக் குளிப்பாட்டி வேட்டி மாற்றிவிட்டு வேலைக்குப் போய்விடுவார். மிச்சப் பகல் முழுவதும் என் பொறுப்பு. அதுவரை மாமனாருக்கு எதிரே நின்று நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. சோற்றை வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். இப்போது எண்ணெய் தடவிய வாழையிலையை அவர் முதுகுக்கடியில் சொருகிக்கொண்டிருந்தேன். வெட்கப்பட எனக்கு நேரமில்லை, அவருக்கு நிறைய இருந்தது.

அவர் வாயைத் திறக்கவில்லை. ஸ்பூனைக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொண்டார். புரட்டப் போனால் நல்ல கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். அந்த ஒற்றைக் கையை விடுவிக்க எனக்கு இரண்டு கையும் போதவில்லை. சில நாளில் இடுப்புக்குக் கீழே சிவந்தது, பிறகு தோல் உரிந்தது. இந்த மனுஷன் என் கையில் பட்டினி கிடந்து சாகப்போகிறார் என்று பயந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அதில் பாதி கோபம்.

மாமனார் வேலந்தாவளம் சந்தையில் மாட்டுத் தரகர். அங்கே விலையை வாயால் சொல்லமாட்டார்கள். இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்தே பேசி முடிப்பார்கள். சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு சந்தை நாளில் அவருடைய கூட்டாளித் தரகர் பார்க்க வந்தார். அவர் கத்தவில்லை. கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலையை மென்றபடி, பழக்க தோஷத்தில் மாமனாரின் இடது கையைப் பிடித்துத் துண்டைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

“அம்மிணி, உங்க மாமன் வெல கேக்கறாருங்!”

“எதுக்குங்க?”

“அதுதாந் தெரியல. ஆனா ரொம்பக் கொறச்சுக் கேக்கறாருங்.”

என் கையில் கஞ்சிக் கிண்ணம் இருந்தது. “எத்தன ஸ்பூன் குடிப்பாருன்னு கேளுங்க” என்றேன். தரகர் பத்து என்று பிடித்து, துண்டுக்குள் நடப்பதை எனக்கு வாயால் சொல்லிக்கொண்டே வந்தார். மாமனார் இரண்டு என்றார். எட்டு, மூன்று, ஆறு, நாலு என்று போய் ஐந்தில் முடிந்தது. பேரம் படிந்தால் உள்ளங்கையில் ஒரு தட்டு. மாமனார் தட்டினார், வாயைத் திறந்தார்.

அடுத்த வேளைக்கு நானே துண்டை எடுத்தேன். மாமனார் கையை மருமகள் பிடிப்பதா என்று ஒரு நிமிஷம் மனசு உதைத்தது. துண்டுதான் மூடியிருக்கிறதே என்று தேற்றிக்கொண்டேன். ஒரு விரல் ஒன்று, முழுக் கை ஐந்து, முழுக் கையை இரண்டு தரம் பிடித்தால் பத்து என்று தரகர் சொல்லிக்கொடுத்திருந்தார். சொன்ன விலைக்கு அவர் ஒருநாளும் ஒத்துக்கொள்ளமாட்டார் என்று சீக்கிரமே புரிந்தது. பத்து வேண்டுமென்றால் இருபதில் ஆரம்பிக்கவேண்டும். புரண்டு படுப்பதற்கும் பேரம்தான், ஒரு தடவை புரள இத்தனை ஸ்பூன் தள்ளுபடி என்று. மாட்டுக்கொட்டில் தெரியும் பக்கம் என்றால் மலிவாக முடியும், சுவர்ப் பக்கம் என்றால் மனுஷன் கொள்ளையடிப்பார். அறையில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் துண்டு வேண்டும். துண்டில்லாமல் கேட்டால், கெட்ட வார்த்தை பேசியவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்ப்பார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. ஒரு மாதத்தில் பேரத்தில் தேறிவிட்டேன். புண் ஓரம்கட்டி ஆறத் தொடங்கியது. இதைச் சொல்ல வெட்கமில்லை, அந்த வேளைகளுக்காக நான் காத்திருந்தேன்.

அதற்குள் சின்னம்மா பார்த்துவிட்டார்.

“துண்டப் போட்டுட்டு ரெண்டு பேரும் என்ன பேசறீங்க?”

“கஞ்சி பேசறமுங்க.”

“கஞ்சிக்கு எதுக்குத் துண்டு?”

அண்ணன் தன் கிழக்குத் தோட்டத்தைத் துண்டுக்கடியில் மருமகளுக்கு முடித்துக்கொடுத்துவிட்டார் என்று சின்னம்மா சொல்லி, பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து, “கொஞ்ச நாளைக்குத் துண்டு வேண்டாமே” என்றார். துண்டை மடித்து வைத்தேன். மாமனாரும் வாயை மூடினார். ஆறிவந்த புண் மறுபடி கசிந்தது.

பிறகு சின்னம்மாவே துண்டோடு வந்தார், உண்மையைக் கறந்துவிடுவது என்று. சந்தைப் பக்கமே போகாதவர். கையில் அகப்பட்ட விரலையெல்லாம் பிடித்துப் பிடித்து விட்டார். மாமனாருக்கு முகமெல்லாம் வெளிச்சம். அவர் என்ன பிடித்தாலும் சின்னம்மா “ஆமாங்ணா, செரிங்ணா” என்று தலையாட்டினார். கடைசியில் மாமனார் பலமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

சின்னம்மாவின் முகம் வெளுத்தது. “ஏனம்மிணி, நா என்னத்த வித்துப்போட்டேன்?”

“தெரியலீங்களே. உங்க ஊட்டு எருமையா இருக்குமுங்க.”

அவர் அந்த வாரம் முழுக்க எருமையை வீட்டுக்குள் கட்டிவைத்திருந்தார். கூட்டாளித் தரகர் தெருவில் வந்தால் கதவைச் சாத்தினார். பிறகு என்னிடம் வந்து, “உங்க யாவாரத்த நீயே பாத்துக்க சாமி” என்று துண்டைக் கொடுத்துவிட்டுப் போனார்.

பேரம் பழையபடி நடந்தது. புண் மூடியது. இனி ஆள் பிழைத்துக்கொள்வார் என்றே நம்பியிருந்தேன்.

மழை விட்டிருந்த ஒரு காலையில் கஞ்சியோடு போய் உட்கார்ந்தேன். வழக்கம்போல இருபது என்று பிடித்தேன். மாமனார் உடனே தட்டினார். தவறிப் பட்டிருக்கும் என்று முப்பது என்றேன். தட்டினார். ஐம்பது என்றேன், கிண்ணத்தில் அவ்வளவு கஞ்சியே இல்லை. அதற்கும் தட்டினார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறீர்களா என்றேன். தட்டினார்.

“இது அநியாய வெலைங்க மாமா. கொறச்சுக் கேளுங்க.”

அவர் வாயைத் திறந்தபடி காத்திருந்தார். நான் ஊட்ட ஊட்ட வாங்கிக்கொண்டார். கிண்ணம் காலியானது. வாசலில் வந்து நின்ற சின்னம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

“பூராக் குடிச்சுப்போட்டாரே! அண்ணன் தேறிட்டாரு. நீ எதுக்கு அழுவற?”

சந்தையை விட்டுக் கிளம்ப முடிவு செய்தவர்தான் சொன்ன விலைக்குத் தலையாட்டுவார் என்பது சந்தைப் பக்கமே போகாத சின்னம்மாவுக்குத் தெரியாது. துண்டுக்குள்ளிருந்து நான் கையை எடுக்கவில்லை. நானே விலையைக் குறைத்தேன். பத்து என்றேன். ஐந்து என்றேன். ஒற்றை விரலைப் பிடித்து ஒன்று என்றேன். அவர் எல்லாவற்றுக்கும் தட்டிக்கொண்டே இருந்தார்.