தொப்பூர் இறக்கமும் தெரியாத மீட்டரும்

போன வாரம் முழுக்க எங்க வூட்டில் ஒரே சோகம். காரணம் — ஒரு பஸ். அதுவும் நிஜ பஸ் இல்லை, போனுக்குள் ஓடுகிற பஸ்.

என் மனைவி சுமதிக்கு பஸ் ஓட்டும் கேம் என்றால் உயிர். தையல் மெஷினில் அரைமணி, கேமில் அரைமணி. நம்ம தொப்பூர் கணவாயையே யாரோ அதில் மேப்பாகச் செய்து போட்டிருக்கிறார்கள். ஒரு கேமிங் சேனல் அதை வைத்துப் போட்டி அறிவித்தது. எங்கேயும் உரசாமல், நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் கணவாயை இறங்கணும். வீடியோவை நெட்டில் ஏற்றி லிங்க் அனுப்பணும். ஜெயித்தால் சேனலில் பேரோடு காட்டுவார்களாம்.

"ரேஷன் கார்டைத் தவிர வேற எங்கியாவது என் பேரு வரட்டுமேங்க" என்றாள்.

ரெண்டு மாசம் முட்டி மோதி, ஒருநாள் கீறல் விழாமல் இறங்கியே விட்டாள். எட்டு நிமிஷம். என் போனில் ரெக்கார்டும் ஆகிவிட்டது.

காரிமங்கலத்தைத் தாண்டி எங்க ஊருக்குள் சிக்னல் எப்போதாவதுதான் எட்டிப் பார்க்கும். அதனால் எங்களுக்கு ஒரு வழக்கம். வீடியோ எதுவானாலும் ஃபேமிலி குரூப்பில் போட்டுவிடுவோம். தர்மபுரியில் இருக்கிற சுமதியின் தம்பி சரவணன் அதை எடுத்து, தன் வைஃபையில் ஏற்றிவிடுவான். இதையும் ஏற்றி, சேனலுக்கு லிங்க்கும் அனுப்பினான்.

உடனே நான் என்ன செய்தேன்? இடமில்லை, இடமில்லை என்று போன் கத்திக்கொண்டிருந்தது. அதான் குரூப்பில் இருக்கே, ரெண்டு காப்பி எதுக்கு? ஒரிஜினலை அழித்தேன். டிராஷையும் காலி செய்தேன். சுத்தத்தில் என்னை அடிச்சுக்க ஆள் உண்டா?

ரெண்டாம் நாள் சேனலிலிருந்து பதில். ஓட்டம் அருமை, ஆனால் ஸ்பீடோமீட்டரில் நம்பரே தெரியலை, சனிக்கிழமைக்குள் தெளிவாக அனுப்புங்க என்று. போட்டுப் பார்த்தேன். நாற்பதா, எண்பதா... கடவுளுக்கே வெளிச்சம்.

விடுவேனா? குரூப்பில் இருந்ததை இறக்கி பிரைட்னஸைக் கூட்டினேன். ஷார்ப்னஸைக் கூட்டினேன். மங்கிய வீடியோவைப் பளிச்சென்று ஆக்கித் தரும் ஆப் என்று ஒன்றைப் போட்டேன். பஸ் பளிச்சென்றுதான் ஆனது... ஆனால் மீட்டரில் எந்த மொழியிலும் இல்லாத எழுத்துகள் முளைத்திருந்தன. ஒவ்வொன்றையும் மறுபடி அதே குரூப்பில் போட்டேன். அது இன்னும் மங்கியது.

வெள்ளிக்கிழமை சரவணன் போன் பண்ணினான்.

"மாமா, குரூப்புல போட்டாலே அது வீடியோவை அமுக்கிச் சின்னதாக்கிடுதுங்க. அப்புறம் என்ன பண்ணாலும் தேறாதுங்க. ஒரிஜினலை டாக்குமெண்ட்டா அனுப்புங்க, போதும்."

போதுமாம்! எங்கே போவேன் ஒரிஜினலுக்கு? பக்கத்தில் சுமதி சட்டைப் பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். சொல்லித் தொலைத்தேன். திட்டியிருந்தால்கூடத் தேவலாம். போனை வாங்கிக்கொண்டு மறுபடி கணவாய் இறங்க உட்கார்ந்தாள். நாலு தடவை ஓட்டினாள், நாலு தடவையும் லாரியில் மோதினாள். சனிக்கிழமையும் போய்விட்டது.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே... இப்போது எனக்கு பிட்ரேட் தெரியும், ரெசல்யூஷன் தெரியும், எந்த ஃபைலை எப்படி அனுப்பணும் என்று வகுப்பே எடுப்பேன். யாருக்குப் பிரயோஜனம்?

ஞாயிற்றுக்கிழமை சுமதி என் கேலரியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்காதா என்ற நப்பாசை. இருந்ததெல்லாம் மூணு வருஷத்து குட்மார்னிங் படங்கள்தான். அதில் ஒரு ரோஜாப்பூ... இதழில் இருக்கிற தண்ணீர்த் துளிகளைக்கூட எண்ணலாம், அவ்வளவு தெளிவு.

"இதை அழிக்க மட்டும் உங்களுக்கு மனசு வரல, இல்லீங்களா?" என்றாள்.

வரலைதான். இத்தனைக்கும் அந்த ரோஜாவை அனுப்பியது யார் என்றுகூட எனக்குத் தெரியாது.